கம்பியிலே கோளாறு!

“மன்னிக்கவும்! கம்பியிலே கோளாறு!”

1955ஆம் ஆண்டிலே ஒரு நாள், அமெரிக்க நாட்டு மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகராம் ஜாக்சனில், வீட்டுக் கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்தோரின் கண்முன் இந்த அறிவிப்பு வந்து நின்றது. நாடு முழுதும் காட்டப்பட்ட ஒரு நிகழ்ச்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. நிறச் சிக்கலைப் பற்றியது. அதிலே தோன்றவிருந்தவர் தர்குட் மார்ஷல் என்னும் கறுப்பின வழக்கறிஞர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்று பிரித்து வைப்பது செல்லாது என்ற தீர்ப்பை, அதற்கு முந்திய ஆண்டிலேதான் உச்சநீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றிருந்தார். அவர் பேச வேண்டிய வேளை வந்தது, கம்பி கெட்டுவிட்டது!

மின்னல் தாக்கிற்றா? புயல் அடித்ததா? கம்பத்தின் மீது மரம் சாய்ந்ததா? ஒன்றுமில்லை, தோழர்களே! கம்பி நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தது கருத்து. டபிள்யூ.எல்.பி.டி. என்னும் அந்த நிலையத்தார் தம் கையாலேயே நிகழ்ச்சியை வெட்டினர். தம் கையாலேயே பொய்ப் பலகையை மாட்டினர். வெட்டியதற்காக வெட்கப்படவுமில்லை. நிலையத்தின் மேலாளர், வெள்ளையர் ஆதிக்கத்தைக் காப்பதற்கென்றே பிறந்த ‘குடிமக்கள் மன்ற’த்திலே உறுப்பினர், அந்த மன்றத்தார் நடுவிலே இதைச் சொல்லி மார்தட்டிக்கொண்டார்.

சட்டத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய்கள் உண்டு. வழக்கத்தின் பெயரால் சொல்லப்பட்ட பொய்கள் உண்டு. இதுவோ கருவியின் பெயரால் சொல்லப்பட்ட பொய். பாவம், கம்பிக்கு வாய் இல்லை. மறுத்துப் பேச முடியவில்லை.

இந்தப் பலகையைப் பற்றிப் படித்த நாள்தொட்டு, அமெரிக்கத் தென் மாநிலங்களின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் அந்நாளிலே எடுத்த செய்திப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நம் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975இல். ஆகவே அந்தப் படங்களை அந்தக் காலத்திலே நாம் கண்டிருக்க வழியில்லை. இன்று கணிப்பொறித் திரையிலே காண்கிறோம். ஜார்ஜியாப் பல்கலைக்கழகம், அட்லாண்டா, ஆல்பனி ஆகிய இரண்டு ஊர்களின் நிலையங்கள் எடுத்த படங்களை, 2008இல் தொடங்கிய ஒரு மின் நூலகத்தின் மூலம் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இரவு உணவுக்குப் பின், வீடு உறங்கிய பிறகு, ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

நம் கூட்டங்களிலே கறுப்பின மக்களின் உரிமைப் போரைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் ஒரு கதை சொல்வர். 1963 மே மாதம் பர்மிங்காம் நகரிலே சிறுவர் சிறுமியர் மீது காவலர் நாய்களை ஏவினர், தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பாய்ச்சினர், தொலைக்காட்சி அதைக் காட்டிற்று, நாடு கொதித்தது. 1965 மார்ச் 7ஆம் நாள் செல்மாவின் பாலத்திலே அறப்போர் வீரர்களைக் குதிரைப் படையும் தடியும் கொண்டு தாக்கினர், அன்றிரவே, நாஜிக் கொடியோரின் மீது நடந்த விசாரணையைப் பற்றிய திரைப்படத்தை இடையிலே நிறுத்தி, அந்தக் காட்சியை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நாடெங்கும் காட்டிற்று, சட்டம் பிறந்தது. ஆக, கேமராவின் கண் திறந்தது, கறுப்பனின் விலங்கு உடைந்தது என்று முடிப்பர்.

கேட்க இனிக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளும் உண்மை. ஆனால் கேமராவுக்குக் கண் மட்டுமா உண்டு? அதைத் தூக்கி நடக்க ஒரு தோள் வேண்டும். அந்தத் தோளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி வேண்டும். எடுத்த படத்தை வெட்டி ஒட்ட ஒரு கத்தரி வேண்டும். அந்தக் கத்தரி யார் கையிலே இருந்தது?

ஆல்பனிக்கு வாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கிலே உள்ள ஊர். 1961 இறுதியிலே அங்கே கறுப்பின மக்கள் திரண்டெழுந்தனர். பேருந்து நிலையம், நூலகம், பூங்கா எங்கும் நிலவிய நிற ஒதுக்கலை எதிர்த்து அணி அணியாகச் சென்றனர். அந்த டிசம்பரிலே மட்டும் 700க்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அந்த ஊரின் நாளேட்டுக்கும் தொலைக்காட்சி நிலையத்துக்கும் உரிமையாளர் ஒருவரே, ஜேம்ஸ் கிரே. நிற ஒதுக்கலை வெளிப்படையாக ஆதரித்தவர். ஊருக்கு இரண்டு கண். இரண்டும் ஒருவருடைய சட்டைப் பையிலே!

அந்தப் படங்களிலே நான் கண்டது என்ன? தேவாலயம் நிறைந்த கூட்டம். கைகள் தட்டுகின்றன, உடல்கள் ஆடுகின்றன, வாய்கள் அகலத் திறந்து பாடுகின்றன. ஆனால் பல சுருள்களிலே ஒலியில்லை! பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள். கையிலே தூக்கிச் செல்லும் சிறிய கேமரா ஒலியைப் பதிவதில்லை. மாலைச் செய்தியிலே படம் ஓடும்போது, நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் செய்தியாளர் தாளைப் பார்த்துப் படிப்பார். படித்தது அன்றே காற்றோடு போயிற்று. ஒலியோடு எடுக்கும் கேமரா கனமானது, விலை மிகுந்தது. அதை எங்கே வைப்பார்கள்? மேயரின் மேசைக்கு எதிரே. காவல்துறைத் தலைவரின் முகத்துக்கு முன்னே. ஆதலால், நான் பார்த்தவற்றில் மேயர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. காவல்துறைத் தலைவரின் இருமல்கூடக் கேட்கிறது. பாடியே சிறைக்குப் போன மக்களின் பாட்டுத்தான் கேட்கவில்லை. இப்படி ஆக்க வேண்டும் என்று எவனும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டான், தேவைப்படவுமில்லை. கனமான பொருளை எங்கே இறக்கி வைப்பது என்ற கேள்விக்கு ஊர்வழக்கே பதில் சொல்லிவிட்டது.

அந்தக் காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் சாதாரண ஆள் அல்லர். பர்மிங்காம் காவலரைப் போலக் குழாயைத் திருப்பியவர் அல்லர். அறப்போர் முறையைப் பற்றிப் படித்தார். கேமராவின் எதிரே அடிக்காதே என்று தம் காவலர்க்குக் கட்டளையிட்டார். கூட்டம் வரும், மண்டியிட்டு வழிபடும், அவரும் தலை தாழ்த்தி நிற்பார், பிறகு பணிவோடு கைது செய்வார். தம் ஊர்ச் சிறை நிரம்பாதபடி சுற்றுப்புற மாவட்டச் சிறைகளுக்கெல்லாம் பிரித்து அனுப்புவார். படத்திலே பார்த்தால் எவ்வளவு நாகரிகம்! வெளியூர் ஏடுகள் அவருடைய பொறுமையைப் பாராட்டி எழுதின.

அந்தச் சுற்றுப்புறச் சிறைகளிலே கேமரா இல்லை. 1962 ஜூலையில், இயக்கத் தலைவர்களுள் ஒருவரான ஸ்லேட்டர் கிங்கின் துணைவியார் மேரியன் கிங், கமில்லா என்ற ஊரின் சிறைக்குக் கைதிகளைக் காணச் சென்றார். வயிற்றிலே கரு. காவலர் அவரை அடித்து வீழ்த்தினர். பின்னர் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. நான் கண்ட எந்தச் சுருளிலும் அது இல்லை. ஒளிபரப்பான நாகரிகத்துக்கும் ஒளிபரப்பாகாத கொடுமைக்கும் இடையிலே இருந்த தூரம் சில மைல்கள்தாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான், ஜாக்சன் நகரத்து மக்கள் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு விளங்கிற்று. அவர்கள், ‘கேமராவே, எங்கள் பக்கம் திரும்பு’ என்று கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. ‘அந்த நிலையம் யாருடையது?’ என்று கேட்டார்கள்.

டபிள்யூ.எல்.பி.டி. நிலையம் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் சொத்து. 1953இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்த மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பர். நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர்! ஆயினும் திரையிலே அவர்கள் இல்லாத ஊராகவே ஜாக்சன் காட்சியளித்தது. நிற ஒதுக்கல் நீடிக்க வேண்டும் என்று வாதிடும் நிகழ்ச்சியை நிலையம் காட்டிற்று. மறுத்துப் பேச நேரம் கேட்டபோது இல்லை என்றது. 1957இலேயே புகார் போயிற்று. குடிமக்கள் மன்றத்தின் நிகழ்ச்சிக்கு மாநில அரசின் பணமே உதவியாகப் போயிற்று. அந்தப் பணத்திலே கறுப்பன் கட்டிய வரியும் இருந்தது. தன்னை இழிவு செய்யும் பேச்சுக்குத் தானே காசு கட்டினான்!

இன்னொன்றும் புகாரிலே இருந்தது. வெள்ளையரைக் குறிப்பிடும்போது மிஸ்டர் என்றும் மிசஸ் என்றும் மரியாதை அடைமொழி வரும். கறுப்பரைக் குறிப்பிடும்போது வெறும் பெயர்தான். போராட்டத்தின் பட்டியலிலே இது சிறிய கோரிக்கை என்று சில வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியோடு கடந்து போகிறார்கள். தமிழன் கடந்து போக முடியுமா? ‘அர்’ என்ற ஒரே விகுதியிலே ஒருவனை மனிதனாக்கவும், ‘டா’ என்ற ஒற்றை எழுத்திலே அவனை மண்ணோடு மண்ணாக்கவும் வல்ல மொழியல்லவா நம்முடையது! என் பாட்டனாரை, பண்ணை வீட்டு ஏழு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி, ‘இங்கே வாடா’ என்று அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவன் நான். எழுபதைத் தொட்ட கிழவர், தோள் துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு, ‘வந்தேன் சின்னய்யா’ என்று ஓடுவார். அந்தத் துண்டையும் அந்த ஓட்டத்தையும் கண்டவனுக்கு, மிஸ்டர் என்ற சொல்லுக்காக ஒரு மக்கள் கூட்டம் மனுப் போட்டதன் பொருள் எளிதிலே புரியும்.

அந்த நிலையத்தின் திரையிலே 1963 மே 20ஆம் நாள் ஒரு புதுமை நிகழ்ந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தின் மிசிசிப்பிக் களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ், 17 நிமிடம் பேசினார். இரண்டாம் உலகப் போரிலே படைவீரராகப் பணியாற்றியவர்; வயது 37. நகர மேயர் தொலைக்காட்சியிலே தோன்றி, நம் ஊர்க் கறுப்பர்க்கு ஒரு குறையும் இல்லை என்ற பொருள்பட உரையாற்றியிருந்தார். மறுமொழி சொல்ல எங்களுக்கும் நேரம் வேண்டும் என்று எவர்ஸ் விடாது கேட்டார். ஒளிபரப்பு ஆணையத்தின் விதி அவர் பக்கம் நின்றது. நிலையம் பணிந்தது.

என்ன பேசினார்? வசைமாரி பொழிந்தாரா? இல்லை. தொலைக்காட்சியைப் பற்றியே பேசினார்! பருத்திக் காட்டிலே உழைக்கும் கறுப்பனும் இன்று வானொலியாலும் தொலைக்காட்சியாலும் உலகத்தை அறிகிறான். ஆப்பிரிக்காவிலே புதிது புதிதாக நாடுகள் விடுதலை பெறுவதை அறிகிறான். காங்கோ நாட்டிலே அவனைப் போன்றவன் ரயில் எஞ்சின் ஓட்டுகிறான் என்று அறிகிறான். ஜாக்சனிலோ அவனுக்குக் குப்பை வண்டி ஓட்டும் வேலைகூட இல்லை என்பதையும் அறிகிறான் என்றார். ஊரிலே ஒரு கறுப்பின காவலர் உண்டா, ஒரு தீயணைப்பு வீரர் உண்டா, ஓர் எழுத்தர் உண்டா என்று எண்ணிக் காட்டினார். உரத்த குரலே இல்லை. கணக்குப் பிள்ளை கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்த உரையைப் படிக்கும்போதெல்லாம் நான் நிற்பது அந்தக் குப்பை வண்டியிலேதான். பெரிய பெரிய சொற்களால் செய்ய முடியாததை அந்த ஒரு வண்டி செய்துவிடுகிறது.

அதுவரை ஜாக்சனிலே பலர் அவர் பெயரைக் கேட்டிருந்தனர், முகத்தைக் கண்டதில்லை. அன்றிரவு கண்டனர். நண்பரும் கண்டனர், பகைவரும் கண்டனர். ஜூன் 11ஆம் நாள் இரவு, குடியரசுத் தலைவர் கென்னடி உரிமைச் சட்டம் பற்றித் தொலைக்காட்சியிலே பேசினார். எவர்சின் மனைவியும் குழந்தைகளும் அதைப் பார்த்துவிட்டு அவருக்காக விழித்திருந்தனர். நள்ளிரவு கடந்து கார் வந்து நின்றது. இறங்கினார். மறைந்திருந்த வெள்ளை வெறியனின் துப்பாக்கி முதுகிலே பாய்ந்தது. கொலைகாரன் மீது 1964இல் இரண்டு முறை வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு இரண்டு முறையும் முடிவு காணவில்லை. தண்டனை கிடைத்தது 1994இல். முப்பத்தொரு ஆண்டு!

எவர்ஸ் போனார், அவர் கேட்ட கேள்வி போகவில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி, ஒளி அலை எவனுடைய பாட்டன் சொத்தும் அல்ல. பொதுமக்களுடையது. நிலையத்தார் அந்நாளிலே மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பித்துக்கொண்ட குடிக்கூலிக்காரர்தாம். டபிள்யூ.எல்.பி.டி.யின் உரிமம் 1964இல் முடியவிருந்தது. ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்புத் துறைத் தலைவர் எவரெட் பார்க்கர் என்ற வெள்ளையர், அந்த மார்ச்சிலே ஒரு வாரம் முழுதும் தன்னார்வத் தொண்டர்களை வீடுகளிலே அமர்த்தி, நிலையத்தின் ஒளிபரப்பை விடாது பார்க்கச் செய்தார். யார் தோன்றினார், எத்தனை நிமிடம், என்ன சொல்லி அழைத்தனர், எல்லாம் தாளிலே ஏறிற்று. வீர முழக்கமில்லை, ஊர்வலமில்லை, பெட்டியின் எதிரே உட்கார்ந்து பென்சிலால் குறித்தார்கள். வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே அதுவும் இரகசியமாகவே நடந்தது.

மனுவிலே பெயர் கொடுத்தோர் இருவர். ஒருவர் ஆரன் ஹென்றி, கிளார்க்ஸ்டேல் ஊரிலே மருந்துக்கடை வைத்திருந்தவர். மற்றவர் ராபர்ட் ஸ்மித், மளிகைக் கடைக்காரரும் பாதிரியாருமானவர். 1962இல் காங்கிரசுக்குப் போட்டியிட்டபோது, காசு தருகிறேன் என்று சொல்லியும் அந்த நிலையம் அவருக்கு நேரம் தர முதலிலே மறுத்திருந்தது. மருந்துக்கடையும் மளிகைக்கடையும் சேர்ந்து காப்பீட்டு நிறுவனத்தோடு மோதின!

ஆணையம் என்ன சொல்லிற்று தெரியுமா? குறைகள் உண்டு என்றது. ஆயினும் 1965இல் நிலையத்துக்கு ஓராண்டு உரிமம் வழங்கிற்று. மனுதாரர்க்கு வழக்காடும் தகுதியே இல்லை என்றது. வேறு யாருக்குத் தகுதி? உன் அலை என் அலையில் மோதிப் படம் கலங்குகிறது என்று கூறும் நிலையத்துக்கு உண்டு. உன்னால் என் வணிகம் நட்டமடைகிறது என்று கூறும் முதலாளிக்கு உண்டு. பார்க்கும் மக்களுக்கு இல்லை! ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தால் துன்பப்பட்டால் நீதி உண்டு. மனிதன் துன்பப்பட்டால் கிடையாது என்பதுதான் அந்த நாள் விதி.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966 மார்ச்சிலே அந்த விதியை உடைத்தது. பார்வையாளர்க்கும் வழக்காடும் உரிமை உண்டு. உரிமம் என்பது பொதுமக்கள் ஒப்படைத்த பொறுப்பு. பொறுப்பை மீறினால் பறிக்கப்படும் என்றது. எழுதியவர் வாரன் பர்கர். புரட்சிக்காரர் அல்லர், பழமைப் போக்குள்ள நீதிபதி. விசாரணை நடத்து என்ற ஆணையின்படி 1967இல் ஜாக்சனிலே விசாரணை நடந்தது. நடந்த விதம் அழகு! மெய்ப்பிக்கும் சுமையை முறையிட வந்தவர்கள் தலையிலே ஏற்றினர். 1968இல் மறுபடி உரிமத்தைப் புதுப்பித்தனர். மக்கள் மறுபடி நீதிமன்றம் ஏறினர். 1969 ஜூன் 20ஆம் நாள், ஆணையம் நடந்துகொண்ட முறை சீர்படுத்தவே முடியாத அளவு கெட்டுப்போயிற்று என்று எழுதி, புதுப்பித்தது செல்லாது என்று அதே பர்கர் தீர்ப்பளித்தார். சில நாளிலே அவர் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியானார்.

1971இல் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்த, இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நிலையத்தின் பொறுப்பை ஏற்றது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பர் பொதுமேலாளராக அமர்ந்தார். தர்குட் மார்ஷலின் முகத்தை வெட்டச் சொன்ன அதே நிலையத்திலே! நிரந்தர உரிமம் யாருக்கு என்ற வழக்கு அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கிலே இழுத்தது. அது தனிக் கதை, சுவையும் குறைவு.

எனக்குச் சுவையாக இருப்பது வேறொன்று. பிற்காலத்திலே மின்காந்த நாடா வந்தபோது, பல ஊர்களின் நிலையங்கள் பழைய படச்சுருள்களைக் குப்பையிலே கொட்டின. செய்திப் படத்துக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. கேமராவிலே ஓடிய அதே சுருளைத்தான் கழுவி, வெட்டி, ஒட்டி, ஒளிபரப்புவார்கள். அது போனால் போனதுதான். ஜாக்சன் நிலையத்தின் சுருள்களோ பிழைத்தன. 1954 முதல் 1971 வரை, அதாவது பழைய முதலாளியின் காலம் முழுதும், எடுத்த படங்கள் மிசிசிப்பி மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எடுத்தவையெல்லாம் அன்று காட்டப்பட்டவை என்று எண்ணிவிடாதீர்கள். கறுப்பரை மறைத்த நிலையமே, அவர்கள் நடந்த தெருக்களுக்குச் சாட்சியையும் தன்னையறியாமல் சேர்த்து வைத்திருக்கிறது.

அதே காப்பகத்திலே வேறொரு சரக்கும் உண்டு. நிற ஒதுக்கலைக் காக்க மிசிசிப்பி அரசு 1956இல் ‘இறையாண்மை ஆணையம்’ என்று ஒன்றை அமைத்து, உரிமை கேட்டோரையெல்லாம் ஒற்றறிந்தது. குடிமக்கள் மன்றத்தின் நிகழ்ச்சிக்குப் பணம் போன வழியும் அதுதான். 1977இல் அதைக் கலைத்தபோது, கோப்புகளை 50 ஆண்டு பூட்டி வைக்கச் சட்டமன்றம் ஆணையிட்டது. வழக்குப் போட்டு 1998இல் திறக்க வைத்தனர். இப்போது ஒற்றர் எழுதிய தாளும், நிலையத்தார் எடுத்த சுருளும் ஒரே காப்பகத்தின் பொறுப்பிலே இருக்கின்றன. ஒரே நாள், ஒரே தெரு, ஒரே ஊர்வலம். தாளிலே அவர்கள் ‘கலகக்காரர்’. சுருளிலே, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, இருவர் இருவராகக் கை கோத்து நடக்கிறார்கள்.